முட்டி எட்டாத இடம்

நைனா,

நீ மஸ்கட்டுக்குக் கிளம்பிய அன்று காலையில் கொட்டகையிலிருந்து அப்பாவின் மோட்டார் சைக்கிளை வெளியே தள்ளி வந்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்தாய். பெட்ரோல் டாங்கியின் இரண்டு பக்கமும் சிவப்புப் பெயின்ட் போய்த் தகரம் தெரிகிற இடங்களை உள்ளங்கையால் தடவிக்கொண்டே, "அப்பா முட்டி தேச்ச எடம்மா இது. இத மட்டும் யாரும் தொடக் கூடாது" என்றாய். நான் உன் சட்டைப் பையில் விபூதிப் பொட்டலத்தை வைத்து, ஜீப் வந்துவிடும், இறங்கு என்று மட்டும் சொன்னேன். அது அப்பாவின் முட்டி தேய்த்த இடம் இல்லை, நான் தேய்த்த இடம். அதை அன்று சொல்லவில்லை. கை நோகும்வரை, வேண்டுமென்றே தேய்த்தேன் என்பதையும் சொல்லவில்லை.

நீ உட்கார்ந்தபோது உன் முட்டிகள் டாங்கியில் அதற்கென்றே உள்வாங்கி வளைத்திருக்கும் குழிகளில் போய்ப் பொருந்தின. பெயின்ட் போன இடம் அதிலிருந்து ஒரு சாண் முன்னால் இருக்கிறது. அங்கேதான் தங்க நிறத்தில் வண்டியின் இத்தாலிப் பெயர் எழுதியிருந்தது. உன் முட்டி அங்கே எட்டவில்லை. அப்பா உன்னைவிடக் குள்ளம், அவருக்கும் எட்டியிருக்காது. நீ டீசல் மெக்கானிக் படித்தவன். ஒரு போல்ட் கால் சுற்றுத் தளர்ந்திருந்தால் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாய். இது மட்டும் உன் கண்ணில் படவில்லை. படவேண்டாம் என்று நீயே நினைத்திருக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டு வருஷம் கழித்து இதை எழுத வைத்தது நீ பேசிப் பதிவுசெய்து போன மாதம் அனுப்பிய கேசட். என் சங்கதி எதுவும் பிறர் காதுக்குப் போவது எனக்குப் பிடிக்காது, உனக்குத் தெரியும். ஆனால் மலையில் ஒரு வீட்டுக்குக் கேசட் வந்தால் அது ஊருக்கே வந்த மாதிரி. தபால்காரர் கொடுத்துவிட்டுப் போன அரை மணி நேரத்தில் பக்கத்து வீட்டுக் காளியம்மாக்கா முறத்தில் சாமையோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். புடைத்துக்கொண்டே கேட்பாளாம். அவள் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர். நீ அனுப்பிய டேப்ரெக்கார்டரில் பேட்டரி பலவீனமாகி உன் குரல் கொஞ்சம் இழுத்துக்கொண்டு, குடித்தவன் பேசுவதுபோல வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் நீ வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாய்.

"அம்மா, எங்க கேரேஜுக்கு ஒரு அரபி இத்தாலி வண்டி எடுத்தாந்தாரும்மா. புத்தம் புதுசு, ரேஸ் வண்டி மாதிரி, செகப்பு. ஆனா மொத்தமா மூடி வெச்சிருக்கான். எஞ்சின் எங்க கீதுன்னே தெரியல, மூஞ்சிலேர்ந்து வாலு வரைக்கும் ஒரே பிளாஸ்டிக்கு. அரபி சாவியக் குடுத்து ஒரு ரவுண்டு போய்ட்டு வாடான்னாரு. போனேன். பறக்குது. எறங்கி வந்து தொடச்சி வெச்சிட்டு டீ குடிக்கப் போய்ட்டேன். அவ்ளோதாம்மா. மனசுல ஒண்ணும் இல்ல. அப்பா வண்டிய நெனச்சா இப்பவும் தொண்ட அடைக்குது. ஏம்மா அப்பிடி? இத்தாலிக்காரன் மாறிட்டானா, நான் மாறிட்டனா?"

காளியம்மாக்கா முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். "இத்தாலிக்காரன் மாறுனா நமக்கு இன்னா, மாறாட்டி நமக்கு இன்னா? வேளா வேளைக்கு சோறு துன்றனா இல்லியான்னு ஒரு வார்த்த சொல்றானா பாரு."

நீயே பதிலும் சொன்னாய். புது வண்டியில் யாருடைய உடம்பும் படவில்லை, அதனால்தான் ஆசை வரவில்லை என்றாய். அப்பா வண்டியில் அந்த இரண்டு இடம் இருக்கிறது, ஒரு ஆள் பத்து வருஷம் முட்டியால் தேய்த்துப் பெயரையே அழித்திருக்கிறார், அந்த மாதிரி ஒரு இடம் இருந்தால்தான் வண்டிமேல் ஆசை வரும் என்றாய். கேசட்டின் அடுத்த பக்கத்தில் கல்யாணப் பேச்சு. தையில் வருகிறாய். கீழே ஆலங்காயத்தில் தாலி கட்டிய கையோடு, பெண்ணைப் பின்னால் உட்கார வைத்து, அப்பா வண்டியில்தான் மலையேறி வருவாய். அதற்குள் நான் வண்டிக்குப் பெயின்ட் அடித்து வைக்கவேண்டும். "அந்த முட்டி எடம் ரெண்டத்த மட்டும் பெயின்டரு தொடாமப் பாத்துக்கோம்மா." உட்கார்ந்திருந்த பெண்களில் இரண்டு பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். காளியம்மாக்கா மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்குப் பாதி தெரியும். எந்தப் பாதி என்று பின்னால் சொல்கிறேன்.

ஊர் கேட்க நீ பேசினாய். எனக்கு அப்படிப் பேச வராது, அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டு, உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவளிடமும் காட்டு. மூடி வைத்தது போதும்.

அந்த வண்டி நம் வீட்டுக்கு வந்தபோது உனக்கு ஐந்து வயது, எனக்கு இருபத்திரண்டு. மருந்துப் பெட்டியோடு மலை ஊர்களைச் சுற்றிக்கொண்டிருந்த இத்தாலிக்காரப் பாதிரிச் சாமியார் ஒருவர் முதுகுவலி தாங்காமல் தன் நாட்டுக்குத் திரும்பினார். அவருடைய மிஷன் ஜீப்பை ஓட்டியவர் அப்பா, அவர் போன பிறகும் அந்த வேலை அப்பாவுக்கே இருந்தது. அந்த மோட்டார் சைக்கிளுக்கு உதிரிச் சாமான் இல்லாமல், எதையாவது வெட்டி ஒட்டி ஓடவைத்ததும் அப்பா. ஓட்டாமல் விட்டால் இது செத்துப் போகும் என்று சொல்லி, சாமியார் அதை அப்பாவிடமே விட்டுப்போனார். அப்பா அதை ஆலங்காயத்திலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தார். இரண்டு வளைவுக்கு அப்பால் வரும்போதே சத்தம் கேட்டது. உலக்கை போடுகிற மாதிரி, ஒரு சீராக, இடைவெளி விட்டு. நான் கேழ்வரகுக் கூழைக் கிண்டிக்கொண்டிருந்தேன். அடுப்பை விட்டு வெளியே வந்தேன்.

அதுவரை எந்தப் பொருளைப் பார்த்தும் என் வாய் உலர்ந்ததில்லை. பட்டுப் புடவையைப் பார்த்தும் இல்லை, நகையைப் பார்த்தும் இல்லை. அந்த வண்டிக்கு மறைக்க ஒன்றும் இருக்கவில்லை. எஞ்சின் வெளியே தெரிந்தது, அதன் தகடுகள் அடுக்கடுக்காக, சூட்டில் டிக் டிக்கென்று சொடுக்கிக்கொண்டு. டாங்கி நீளமாக, முன்னால் தாழ்ந்து, நின்ற இடத்திலேயே கிளம்பப் போவது போலிருந்தது. நான் அப்போது லைப்ரரியிலிருந்து ருஷ்ய நாவல்களாக வரவழைத்துப் படித்துக்கொண்டிருந்த காலம். பனியில் குதிரையேறி எங்கோ போகும் பெண்கள் அதில் வருவார்கள். இதை ஓட்டிக்கொண்டு போனால் எங்கே போய் நிற்கும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. இதன் பின்னால் உட்கார்ந்து போகவேண்டும் என்று தோன்றவே இல்லை. அது உன் அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது.

ஊர்ப் பெண்களுக்கு வேறு மாதிரி புரிந்தது. "இன்னாம்மே, வூட்டுக்கு சக்களத்தி வந்துட்டா போலக்கீது! செவப்பா, இடுப்பு சிறுத்து. ராத்திரிக்கு எங்க படுக்க வெக்கிறாராம்?" என்று கேட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் சொன்னதில் உண்மையும் இருந்தது. அப்பா காலையில் எழுந்ததும் முகம் கழுவுமுன் வண்டியைத் துடைப்பார், தோளில் போட்டிருக்கும் துண்டால். அதே துண்டை என்னிடம் துவைக்கப் போடுவார். எனக்காக ஆலங்காயம் லைப்ரரியிலிருந்து எடுத்து வந்த ஒரு நாவலின் கெட்டி அட்டையை, நான் பாதி படித்துக்கொண்டிருக்கும்போதே வெட்டி எஞ்சினுக்குப் பேக்கிங் போட்டார். எண்ணெய் ஒழுகுகிறது, வேறு அட்டை கிடைக்கவில்லை என்றார். ஆடு தின்றுவிட்டது என்று நான் போய் லைப்ரரியில் பொய் சொன்னேன். ஆடு உள்ளே இருக்கிற தாளைத் தின்னாதா, அட்டையை மட்டும் சதுரமாகத் தின்னுமா என்று அங்கே கேட்டார்கள்.

ஒருநாள் மத்தியானம் அவர் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நானும் ஒருவாட்டி ஓட்டிப் பாக்கட்டுமா?" என்று கேட்டேன். கேட்பதற்கு எனக்கு மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அவர் நிமிர்ந்து, பிரியமாகத்தான் சிரித்தார். "நீ இன்னாத்துக்கு? எங்க போவணும்னு சொல்லு, நான் இட்டுனு போறேன்."

இதற்கு என்ன பதில் சொல்ல முடியும், சொல். திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். பொம்பளைக்கு எதுக்கு என்று கேட்டிருந்தால் அழுதிருப்பேன். எங்கே போகவேண்டும் என்று கேட்டார். எனக்கு எங்கேயும் போகவேண்டியிருக்கவில்லை. போகவேண்டியது ஒன்றும் இல்லாதவளுக்கு வண்டி எதற்கு என்று எனக்கே தோன்றிவிட்டது. எழுந்து உள்ளே போய்விட்டேன். உன் அப்பா பொல்லாதவர் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த வருஷம் நம் மலைக்கு ஒரு நர்சம்மா வந்தார்கள். புதூர்நாடு பக்கம் வரை ஊர் ஊராகப் போய் ஊசி போடவேண்டும். பஸ் இல்லாத ஊர்கள். அப்பா அவர்களை வண்டியில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போவார். அதில் எனக்கு ஒன்றும் இல்லை. பிள்ளை பெற வலி எடுத்தவளையும் அவர் அதில்தான் கொண்டுபோயிருக்கிறார், பலாப்பழத்தையும் அதில்தான் கொண்டுபோயிருக்கிறார். ஆனால் ஒருநாள் சுள்ளி பொறுக்கிவிட்டு வரும்போது பள்ளிக்கூட மைதானத்தில் அந்த உலக்கைச் சத்தம் தடுமாறித் தடுமாறிக் கேட்டது. போய்ப் பார்த்தேன். நர்சம்மா வெள்ளைப் புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிக்கொண்டிருந்தார்.

"கிளட்ச்ச மெதுவா வுடுங்க சிஸ்டர்! மெதுவா! ஐயோ, ரோட்டப் பாருங்க, என்ன இன்னாத்துக்குப் பாக்குறீங்க?"

நர்சம்மா சிரித்தார்கள். அவர்கள் கொண்டை அவிழ்ந்து தோளில் விழுந்தது. அப்பா கையை விட்டுவிட்டார். வண்டி தானாகப் போனது. ஒரு பெரிய வட்டம் அடித்துத் திரும்பி வந்தது. அப்போது நர்சம்மா முகத்தில் இருந்தது எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. மைதானத்தைச் சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் வண்டியைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் வீட்டுக்கு வந்தேன். இரண்டு நாள் அப்பாவிடம் பேசவில்லை. "அவங்களுக்கு வேல இருக்குது. நான் ஜீப்புல போற அன்னிக்கு அவங்களே போய்க்கலாம் பாரு. அதுக்குத்தான்" என்றார். அது உண்மைதான். அவர்களுக்கு வேலை இருந்தது, போகவேண்டிய இடம் இருந்தது. அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வேறெதுவும் இருக்கவில்லை, அது எனக்கு அன்றே தெரியும். ஆனால் என் வயிற்றில் எரிந்தது என்னவென்று எனக்கே தெரியவில்லை. ஊர் என்ன பெயர் சொன்னதோ அந்தப் பெயரையே நானும் வைத்துக்கொண்டேன். புருஷனை வைத்து இன்னொருத்திமேல் பொறாமைப்படுகிற பெண்டாட்டி என்றால் எல்லாருக்கும் புரியும். வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த இரண்டு கைகள்மேல் பொறாமை என்றால் யாருக்குப் புரியும்?

பத்து நாளில் ஆயுத பூஜை வந்தது. நம் ஊரில் அன்றைக்கு எப்படி என்று உனக்குத் தெரியும். புளிக்குப் பஞ்சமில்லாத மலை. குத்துவிளக்கு, அண்டா, குண்டான், கொடுவாள், கலப்பைக் கொழு, எல்லாவற்றுக்கும் புளி, சாம்பல், செங்கல்தூள். ஊர் முழுக்கத் தேங்காய்நார் உரசுகிற சத்தம். அப்பா ஜீப்பைக் கழுவ ஆலங்காயம் கிளம்பினார். "வண்டியையும் கொஞ்சம் சுத்தம் பண்ணி வையி" என்று சொல்லிவிட்டுப் போனார். ஈரத்துணியால் துடை என்று சொல்லவில்லை. அது சொல்லவேண்டிய விஷயம் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

எனக்குத் தெரியாமல் இல்லை. பெயின்டுக்குப் புளி போடக் கூடாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். நம் மலையில் வேறு எந்தப் பெண் செய்திருந்தாலும் அது தெரியாமல் செய்த தப்பு. அந்த மறைவில்தான் நான் ஒளிந்துகொண்டேன். விளக்கைத் தேய்த்த கையோடு, அதே புளி உருண்டையைச் செங்கல்தூளில் புரட்டி, முதலில் இடதுபக்கம் அந்தத் தங்க எழுத்தின்மேல் வைத்தேன். முதல் எழுத்து சுலபத்தில் போகவில்லை. நாரை மாற்றிக்கொண்டு தேய்த்தேன். தங்கம் போய், வெள்ளை போய், சிவப்பு போய், தகரம் வந்தது. வலதுபக்கத்துக்கு வருவதற்குள் என் கோபம் அடங்கிவிட்டது. ஆனாலும் அந்தப் பக்கத்தையும் தேய்த்தேன். ஒரு பக்கம் மட்டும் போயிருந்தால் வேண்டுமென்று செய்ததாகத் தெரியும் அல்லவா? அவ்வளவு நிதானமாக யோசித்துச் செய்தேன் என்பதைத்தான் இத்தனை வருஷம் என்னால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

அப்பா சாயங்காலம் வந்தார். சந்தனமும் குங்குமமும் வைத்து வண்டியை வாசலில் நிறுத்தியிருந்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். குனிந்து, அந்த இடத்தை முகர்ந்து பார்த்தார்.

"புளி போட்டியா?"

"ம்."

என் முகத்தைப் பார்த்தார். பத்து நாளுக்கு முந்திய மைதானம் அவர் ஞாபகத்துக்கு வந்ததா என்று எனக்குத் தெரியாது. வந்திருக்கும். நீ அப்போது அவர் காலைக் கட்டிக்கொண்டு, "அப்பா, பேரு எங்க போச்சி?" என்று கேட்டாய். உனக்கு ஒன்பது வயது. அவர் உன்னைத் தூக்கி டாங்கியின்மேல் உட்கார வைத்து, "எவ்ளோ ஓட்டுறேன் நானு? முட்டி பட்டுப் பட்டுத் தேஞ்சி போச்சிடா" என்றார். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அதையேதான் சொன்னார். செத்துப்போகிற வரைக்கும் அதையே சொன்னார். அந்த வருஷமே நர்சம்மாவுக்கு மாற்றல் ஆகிவிட்டது. அவரும் நானும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

நீ கேசட்டில் உருகிப் பேசினாயே, ஆசைக்கு அடையாளமான அந்த இடம், அது அப்பா எனக்காகச் சொன்ன பொய். என்னைக் காப்பாற்றிவிட்டார். ஆனால் என்னைக் கேட்கவே இல்லை. ஏன் தேய்த்தாய் என்று ஒருமுறை கேட்டிருந்தால், எனக்கும் ஓட்டவேண்டும் என்று சொல்லியிருப்பேன். மன்னித்துவிட்டதால் அந்தப் பேச்சே இல்லாமல் போய்விட்டது. பெருந்தன்மையிலும் அவர் என்னை முந்திக்கொண்டார். அதிலும் எனக்குப் பொறாமைதான், நைனா. செத்தவர்மேல் பொறாமைப்படுகிறவள் என்று என்னை நீ நினைத்தாலும் பரவாயில்லை.

இனி காளியம்மாக்காவுக்குத் தெரிந்த பாதி. அப்பா மஞ்சள் காமாலையில் போய் ஆறு மாதம் ஆகியிருக்கும். நீ கீழே ஆஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். ஒரு மத்தியானம், எல்லாரும் காட்டுக் கொல்லையில் வேலைக்குப் போயிருந்த நேரம், நான் கொட்டகையைத் திறந்தேன். சீட்டின்மேல் கோழி முட்டையிட்டிருந்தது. முட்டையை எடுத்து வைத்துவிட்டு, வண்டியை மேட்டுக்குத் தள்ளிப் போனேன். எனக்கு அதை ஸ்டார்ட் செய்யத் தெரியாது. சரிவில் விட்டால் தானாக ஓடும் என்பது மட்டும் தெரியும். ஏறி உட்கார்ந்து காலை எடுத்தேன்.

எஞ்சின் இல்லாமல், காற்றுச் சத்தம் மட்டும். ஏரி பக்கத்து வளைவு வரை போயிருப்பேன். எண்ணிப் பார்த்தால் ஒரு நிமிஷம்கூட இருக்காது. நர்சம்மா முகத்தில் அன்று பார்த்தது இதுதான் என்று தெரிந்தது. என் வயிற்றில் எரிந்ததற்குப் பெயரும் அப்போதுதான் தெரிந்தது. அதற்குள் வளைவு வந்துவிட்டது. உண்ணிச்செடிப் புதருக்குள் வண்டியோடு போய் விழுந்தேன். இடது கால் கெண்டைச் சதை கிழிந்து ரத்தம் கொட்டியது.

காளியம்மாக்காதான் சத்தம் கேட்டு ஓடி வந்தாள். முதலில் வண்டியைத் தூக்கினாள், பிறகு என்னை. "இன்னாம்மே இது அக்குறும்பு? புருஷன் செத்து ஆறு மாசம் ஆவல, வண்டியோட பொதருல பூந்துக்கினு கீற! யாராவது கேட்டா இன்னா சொல்றது?"

"அரிவா பட்டுதுன்னு சொல்லுக்கா."

"அரிவா இப்பிடிக் கோணலாவா வெட்டும்?" காலைப் பிடித்துப் பார்த்தாள். "சரி வுடு. சாம அறுக்கறப்போ வழுக்கிட்டுதுன்னு சொல்லிக்கலாம். தள்ளு, தள்ளு, எவளாவது வந்துறப் போறா." இரண்டு பேருமாக மேட்டில் வண்டியைத் தள்ளினோம். பாதியில் மூச்சு வாங்க நின்று, "எப்பிடி இருந்துது?" என்று கேட்டாள். "நல்லா இருந்துதுக்கா" என்றேன். இன்றுவரை வேறு ஒருவரிடமும் அவள் சொல்லவில்லை. நீ விடுமுறையில் வந்து அந்தக் காயத்துக்கு மருந்து போட்டுக் கட்டினாய். அரிவாளை ஏம்மா கவனமில்லாமல் பிடித்தாய் என்று என்னைக் கடிந்துகொண்டாய். அதையும் இப்போது திருத்திக்கொள்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். கேசட்டோடு நீ அனுப்பிய போட்டோவை நான் யாருக்கும் காட்டவில்லை. தலையணை உறையில் வைத்திருக்கிறேன். அந்தப் புது இத்தாலி வண்டியின் பக்கத்தில் நீ கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாய், ரேஷன் கடையில் நிற்பவன்போல. வண்டி நீ சொன்ன மாதிரியேதான் இருக்கிறது. எல்லாம் மூடி, எஞ்சின் தெரியாமல், ஒரே சிவப்பாக, வழவழவென்று. பழைய வண்டியின் அழகு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அது எல்லாவற்றையும் காட்டிக்கொண்டு நின்றது, இது ஒன்றையும் காட்டாமல் நிற்கிறது. ஆனால் நைனா, அதைப் பார்த்தபோது என் வாய் உலர்ந்தது. இருபத்திரண்டு வயதில் எப்படி உலர்ந்ததோ அப்படியே. எனக்கு இப்போது முப்பத்தெட்டு. அந்த மூடிக்குள்ளே என்ன இருக்கும், கிளட்சை விட்டால் அது எப்படி நகரும் என்று மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இத்தாலிக்காரன் மாறவில்லை. உனக்கு ஒரு அரபி சாவியை நீட்டினார், நீ ஏறி ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து டீ குடித்தாய். கையில் கொடுக்கப்பட்ட பொருள்மேல் எப்படித் தொண்டை அடைக்கும்? அப்பா இருந்தவரை அவர் வண்டியை உனக்குத் தரவில்லை, பதினைந்து வயதுவரை நீயும் என்னைப் போலத்தான் பக்கத்தில் நின்று பார்த்தாய். உன் ஆசை அங்கே பிறந்தது. முட்டி தேய்த்த இடத்தில் இல்லை. புது வண்டியில் ஆசை குறைந்துவிட்டது என்று சொல்கிறவர்கள் எல்லாம் சாவி கிடைத்தவர்கள். கிடைக்காதவள் ஒருத்தியைக் கேட்டுப் பார். உன்மேலும் எனக்குப் பொறாமைதான். பெற்ற பிள்ளைமேல் ஒரு தாய்க்கு வரக் கூடாதது என்பார்கள். வருகிறது. நான் பார்க்காத வண்டியில் நீ ஏறினதற்காகக்கூட இல்லை. ஏறிவிட்டு, ஒன்றுமில்லை என்று சொன்னாயே, அதற்காக.

உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பெண் பார்க்கப் போன அன்று அவள் வேலை பார்க்கும் பால்வாடியிலிருந்து வர நேரமாகிவிட்டது. சைக்கிளில் வந்து இறங்கினாள். வழியில் செயின் கழன்றுவிட்டதாம், விரல் பத்திலும் கிரீஸ். அவள் அம்மா பதறிப்போய், கையைக் கழுவிவிட்டுக் காப்பியைக் கொடு என்று பல்லைக் கடித்தாள். அவள் அப்படியே தட்டை எடுத்து வந்தாள். டம்ளரில் கறுப்பாக விரல் ரேகை. எனக்கு அவளைப் பிடித்துப்போனது. பிடித்த அந்த நிமிஷமே, நீ இவளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு என் வாசலில் வந்து இறங்குவது என் கண்முன் வந்தது. நான் ஒரு நிமிஷம்கூட முழுசாக ஓட்டாத வண்டியில் அவள் வந்து இறங்குவாள். நெஞ்சில் ஒரு முள். நல்ல மாமியாராக இருப்பேன், பயப்படாதே. ஆனால் அந்த முள் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

உனக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். அவள் ஒருநாள் உன்னிடம் எதையாவது கேட்பாள். வண்டியாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். கேட்பதற்கு அவளுக்கு மூன்று வருஷம் ஆகியிருக்கும், உனக்கு அது தெரியாது. அப்போது எங்கே போகவேண்டும் என்று கேட்காதே. இட்டுக்கொண்டு போகிறேன் என்று சொல்லாதே. பிரியமாகச் சொல்கிறாய் என்பதால் அதற்கு அவளால் பதில் சொல்ல முடியாது. அவள் எதையாவது கெடுத்து வைத்தால், முந்திக்கொண்டு மன்னிக்காதே. ஏன் என்று கேள். பதில் வரும்வரை நின்று கேள்.

டாங்கி விஷயம் உன் இஷ்டம். அந்த இரண்டு இடத்தை அப்படியே வைத்துக்கொண்டு அப்பாவை நினைத்துக்கொள்ள விரும்பினால் வைத்துக்கொள். ஆனால் எதை வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று தெரிந்து வைத்துக்கொள். நீ சொல்லும்வரை பெயின்டரிடம் கொண்டுபோக மாட்டேன். வண்டி கொட்டகையில்தான் இருக்கிறது. கோழிகளை விரட்டிக்கொண்டிருக்கிறேன்.

அம்மா

இந்தக் கடிதத்தின் நகலை என் நோட்டில் வைத்திருக்கிறேன். அதன் கீழே மிச்சத்தையும் உனக்கே எழுதி வைக்கிறேன்.

நீ பதில் கேசட் அனுப்பவில்லை. தையில் வந்தாய். வந்த மறுநாளே வண்டியை ஆலங்காயத்துக்கு எடுத்துப்போய் டாங்கி முழுவதும் சிவப்பு அடித்துக்கொண்டு வந்தாய். பெயர் எழுதவில்லை. கடிதத்தைப் பற்றி நீ பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கல்யாணத்தன்று அவளைப் பின்னால் உட்கார வைத்துத்தான் மலையேறி வந்தாய். மூன்றாம் நாள் காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தாய். அரை மணி நேரத்தில் அவள் தனியாக வட்டம் போட்டாள். காளியம்மாக்கா என் விலாவில் இடித்து, "இன்னாம்மே, மாமியாருக்கு வயிறு எரியுதா?" என்று கேட்டாள்.

"எரியுதுக்கா" என்றேன். எல்லாருக்கும் கேட்டது.

உன் பெண்டாட்டி வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினாள். நீ என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாய். எங்கே போகவேண்டும் என்று கேட்கப் போகிறாய் என்று நினைத்தேன். "செருப்ப அவுத்துட்டு வாம்மா, கியர் வழுக்கும்" என்றாய்.

முதல் கியரிலேயே புளியமரம் வரை போய்த் திரும்பி வந்தேன். இரண்டாவது கியர் போடவில்லை. விழவில்லை. அடுத்த மாதம் நீ மஸ்கட் போனாய். நீ திரும்பும்வரை வேலைக்காக அவள் ஆலங்காயத்தில் தாய்வீட்டில் இருக்கிறாள். வண்டியும் அங்கேதான், பால்வாடிக்கு அதில்தான் போகிறாள். அதற்குச் சாவி ஒன்றுதான்.